நீலப் பூச்செடிக்குச் சாம்பல் போட்ட முயல்

மேகம் தரைவரை இறங்கி வரும் ஒரு மலைக்காட்டில், குழந்தைகளே, பஞ்சு என்றொரு முயல் இருந்தது. மிகவும் இளகிய மனம் அதற்கு. பக்கத்தில் யாராவது பெருமூச்சு விட்டால்கூடத் தாங்காது.

மலைச்சாலையோரத் தோட்டத்தில் வெட்டி எறிந்த ஹைட்ரேஞ்சியா என்ற பூச்செடியின் கிளை ஒன்றை அது இழுத்துவந்து ஓடைக்கரையில் நட்டு வளர்த்தது. கிளை வேர்பிடித்துப் பெரிய புதரானது. அகன்ற இலைகளுக்கு நடுவே பந்து பந்தாக நீலப் பூக்கள் பூத்தன. அந்த அடர்த்தியை நம்பித்தான் செங்கால் என்ற காட்டுக்கோழி அதனடியில் முட்டையிட்டு அடைகாத்தது.

ஒருநாள் காலையில் செங்கால் பூக்களை அண்ணாந்து பார்த்தது.

"நான் பிறந்த பள்ளத்தாக்கில் இதே பூ இளஞ்சிவப்பாகப் பூக்கும், தம்பி" என்று சொல்லிப் பெருமூச்சு விட்டது. பிறகு இரை தேடக் கிளம்பிவிட்டது.

'பாவம், அக்காவுக்கு அந்த நிறத்தின்மேல்தான் ஆசை' என்று பஞ்சு தானாகவே முடிவு கட்டிக்கொண்டது. தோட்டங்களில் திரிந்து பழகிய நரியைத் தேடிப் போனது.

"நரியண்ணா, நீலப் பூவைச் சிவப்பாக்க முடியுமா?"

"முடியுமே. இந்த மண்ணில் புளிப்பு அதிகம். அதனால்தான் நீலமாகப் பூக்கிறது. அடுப்புச் சாம்பல் போட்டால் புளிப்பு முறியும், பூ சிவக்கும். ஆமாம், யாருக்காக இந்தப் பாடு?"

"செங்கால் அக்காவுக்கு. அந்தச் செடியின் கீழேதான் அடைகாக்கிறாள்."

நரி பல நாளாகத் தேடி அலைந்த கூடு அது. ஆனால் முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை.

"கொஞ்சமாகப் போட்டால் அடுத்த பருவம்வரை காத்திருக்க வேண்டும். அள்ளி அள்ளிப் போடு, சீக்கிரம் மாறும். அவளிடம் மட்டும் சொல்லிவிடாதே. திடீரென்று பார்த்தால்தான் சந்தோஷம்."

செங்கால் இரை தேடப் போகும் நேரமெல்லாம் பஞ்சு, விறகு வெட்டுகிறவர்கள் தேநீர் காய்ச்சிய அடுப்பிலிருந்து சாம்பலை இலையில் வாரிவந்து வேரடியில் கொட்டியது. மேலே சருகைப் போட்டு மூடியது.

பூ சிவக்கவில்லை. இலைகள் மஞ்சளாகிக் கொட்டத் தொடங்கின. கூட்டின்மேல் வெயில் விழுந்தது.

"காற்றே இல்லையே, தம்பி. இலை ஏன் இப்படி உதிர்கிறது?"

பஞ்சு தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னது.

செங்கால் கோபப்படவில்லை. கூட்டில் விழுந்த இலையை ஒதுக்கிவிட்டுச் சொன்னது: "அந்தச் சிவப்புப் பூவின் கீழிருந்துதான் என் அம்மாவைப் பருந்து தூக்கிக்கொண்டு போனது. அந்த நிறத்தை நினைத்தாலே எனக்குப் பயம். நீலப் பூவைக் கண்ட பிறகுதான் இங்கே முட்டையிட மனம் வந்தது."

இலை கொட்டிக் கூடு வெளியே தெரியத்தான் நரி அவ்வளவு அக்கறையாகப் பேசியது என்பது பஞ்சுவுக்கு அப்போதுதான் உறைத்தது.

அன்று பொழுது சாயும் வேளையில் முட்டைகள் விரிசல் விட்டன. அதே நேரம் புதருக்கு வெளியே நரியின் மூக்கு தெரிந்தது.

பஞ்சு யோசிக்கவில்லை. நரியின் முன்னால் பாய்ந்து, கால் ஒடிந்ததுபோல் நொண்டியது. கைக்கெட்டிய முயலை விட நரிக்கு மனமில்லை. பஞ்சு நொண்டி நொண்டி ஓடையைத் தாண்டி, முட்புதர் நெருங்கியதும் நாலுகால் பாய்ச்சலில் உள்ளே புகுந்தது. பின்னாலேயே பாய்ந்த நரி முகமெல்லாம் முள் குத்தி, ஊளையிட்டபடி மலையிறங்கிப் போனது.

கிழிந்த காதோடு பஞ்சு திரும்பி வந்தபோது, செங்காலின் சிறகுக்கடியில் குஞ்சுகள் கீச்சிட்டுக்கொண்டிருந்தன.

மறுநாளே பஞ்சு சாம்பலைச் சுரண்டி எடுத்தது. ஓடைத் தண்ணீரை ஊற்றி, மண்ணில் மறுபடி புளிப்பு ஏறப் பைன் மரச் சருகைப் பரப்பியது. மழை வந்தது. செடி மெல்லத் துளிர்த்தது. அடுத்த பருவத்தில் நிறைய நீலப் பூக்கள் பூத்தன. சாம்பல் மிச்சமிருந்த பக்கத்தில் மட்டும் ஒரு பூ இளஞ்சிவப்பாக மலர்ந்தது.

பஞ்சு அதைக் கடித்து எறியப் போனது. பிறகு நின்று, "அக்கா, இதை எடுத்துவிடட்டுமா?" என்று கேட்டது.

செங்கால் அந்தப் பூவையே சிறிது நேரம் பார்த்தது. அதன் நிழலில் புதிதாகப் பொரித்த குஞ்சுகள் பயமில்லாமல் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன.

"இருக்கட்டும், தம்பி" என்றது.

நீதி: ஒருவருக்கு நல்லது செய்ய நினைத்தால், அவருக்கு வேண்டியது என்ன என்பதை முதலில் அவரிடமே கேட்க வேண்டும்.