இரண்டு இரும்புக்கு நடுவே ஒரு ரப்பர்

நாமக்கல் பக்கம் ஒரு பழைய வெள்ளைக் கார் இருந்தது. அதன் வயிற்றுக்கு அடியில், முன்சக்கரத்தை ஒட்டி, இரண்டு இரும்புகள் நெடுநாளாகக் குடித்தனம் செய்துவந்தன. ஒன்று சட்டம். காரின் எடையெல்லாம் அதன் தலையில்தான். இன்னொன்று கை. சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் ஆடுவது அதன் வேலை. இது இடப்பக்கத்துக் கதை. வலப்பக்கத்திலும் இதே குடும்பம், இதே கூத்து. ஒன்றைச் சொன்னால் போதும்.

"இத்தனை வருஷத்தில் நமக்குள் ஒரு சத்தம் வந்ததுண்டா?" என்று சட்டம் அடிக்கடி கேட்கும்.

"எப்படி வரும்? நம் இருவர் குணம் அப்படி" என்று கை சொல்லும்.

உண்மையில் அவை இரண்டும் ஒன்றையொன்று தொட்டதே கிடையாது. நடுவில் ஒரு ரப்பர் புஷ் இருந்தது. உள்ளங்கையில் அடங்குகிற சின்ன உருளை. அதன் நடுத்துளையில் ஒரு போல்ட் புகுந்து சட்டத்தோடு பிணைத்திருந்தது. சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் கை வந்து இடிக்கும். புஷ் வாங்கிக்கொள்ளும். பிரேக் போட்டால் சட்டம் முன்னால் தள்ளும். அதையும் புஷ்தான் வாங்கிக்கொள்ளும். ஒருவரிடம் வாங்கியதை இன்னொருவரிடம் போய்ச் சொல்கிற வழக்கம் அதற்கு இல்லை.

காரின் சொந்தக்காரர் பொன்னுரங்கம். அவரும் மனைவி கோகிலவாணியும் கோழிப்பண்ணையில் முட்டை எடுத்து, பின்சீட்டில் அட்டை அட்டையாக அடுக்கி, ஊர் ஊராகக் கடைகளுக்குப் போட்டுவந்தார்கள். கார் ஓடினால் அடுப்பு எரியும். வேறு வருமானம் இல்லை.

ரப்பருக்கும் வயதாகும். வெயிலிலும் எண்ணெயிலும் கிடந்து புஷ் வெடித்தது. வெடிப்பு பெரிதாகி, ஒருநாள் ஒரு பக்கம் பிய்ந்தே போயிற்று. அன்றுதான் சட்டமும் கையும் முதன்முதலாக நேருக்கு நேர் சந்தித்தன.

'கடக்' என்று சத்தம் கேட்டது.

"ஏன் இடிக்கிறாய்?" என்றது சட்டம்.

"நானா? நீயல்லவா மேலே வந்து விழுந்தாய்!" என்றது கை.

அன்று முழுக்கச் சண்டை. வேகத்தடைக்கு வேகத்தடை வசவு. பொழுது சாயும்போது இரண்டும் அலுத்துப்போய் ஒரு சமாதானத்துக்கு வந்தன.

"நீயும் நல்லவன், நானும் நல்லவன். அப்படியானால் சத்தம் போடுவது யார்?"

"நடுவில் இருப்பவன்தான். வேறு யார்?"

அதன் பிறகு பழி முழுவதும் புஷ்ஷின் மேல் விழுந்தது. அது எதிர்த்துப் பேசவில்லை. பேசுவதற்கு அதில் பாதி உடம்புதான் மிச்சம் இருந்தது.

மேலே பின்சீட்டில் முட்டைகள் விரிசல் விட்டன.

"ஏனுங்க, இன்னைக்கும் கடைக்காரரு திருப்பிக் குடுத்துட்டாருங்க. ஒடைஞ்ச முட்டைய வெச்சு நாம எத்தன நாளைக்கு ஆம்லெட்டே திங்கறது? பேசாம இந்தக் காரைப் பழைய இரும்புக்குப் போட்டுட்டு வேற பொழப்பப் பாக்கலாமுங்க" என்றாள் கோகிலவாணி.

"வேற பொழப்புன்னா எது? இது போச்சுன்னா முட்டையத் தலைல வெச்சுச் சொமக்கறதா? இரு, சிக்கந்தர்கிட்டக் காட்டிட்டு வர்றேன்" என்றார் பொன்னுரங்கம்.

'பழைய இரும்பு' என்ற பேச்சு சட்டத்தின் காதிலும் விழுந்தது, கையின் காதிலும் விழுந்தது.

சிக்கந்தரின் பட்டறை சேலம் ரோட்டில் இருந்தது. அவர் ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றினார். பழைய புஷ்ஷைத் தட்டி வெளியே தள்ளினார். அது எண்ணெய்த் தட்டில் விழுந்தது. இத்தனை வருஷம் கூட இருந்ததற்கு ஒரு வார்த்தை சொல்வார்களா என்று பார்த்தது.

"தொல்லை விட்டது" என்றது சட்டம்.

புது புஷ் வந்து உட்கார்ந்தது. கன்னங்கரேலென்று, பளபளவென்று இருந்தது. அப்போது கார் ஆகாயத்தில் நின்றது. சட்டத்தின் சுமையை ஸ்டாண்ட் பார்த்துக்கொண்டது. கையில் சக்கரம் இல்லாததால் அது சுகமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நிச்சயதார்த்தத்துக்கு வந்த சம்பந்திகள் போல இரண்டும் குழைந்தன.

"என்னால் உனக்கு ஒரு கஷ்டமும் வராது. பார், எவ்வளவு லேசாக இருக்கிறேன்!" என்றது சட்டம்.

"நானும் இதோ, இந்த இடத்தை விட்டு அசையமாட்டேன்" என்றது கை.

புது புஷ் உருகிப்போயிற்று. 'இத்தனை நல்லவர்களோடு அந்தப் பழையவனுக்குப் பிழைக்கத் தெரியவில்லையே' என்று நினைத்தது. பாவம், அதற்கு ரோடு தெரியாது.

காரைத் தரையில் இறக்கிய பிறகுதான் போல்ட்டை இறுக்க வேண்டும். சிக்கந்தருக்கு அது தெரியும். ஆனால் பொன்னுரங்கம் வாசலுக்கும் பட்டறைக்கும் நடையாக நடந்துகொண்டிருந்தார்.

"சீக்கிரம் தம்பி! பண்ணைல முட்டைய எடுத்து வெச்சுட்டு வண்டியப் பாத்துட்டு இருக்கறாங்க."

"இதோ ஆச்சுங்கண்ணா" என்று சிக்கந்தர் தொங்குகிற நிலையிலேயே முறுக்கிவிட்டார். போல்ட்டுக்கு ஒரே குணம்தான், பிடித்தால் விடாது. வெளிப்பக்கம் ஏற்கெனவே கைக்குள் இறுகியிருந்த புஷ்ஷின் உள்பக்கத்தைச் சட்டத்தோடு அந்த இடத்திலேயே கட்டிப்போட்டது.

ஜாக்கி இறங்கியது. சட்டம் தன் முழு எடையோடு உட்கார்ந்தது. கை மேலே எழும்பியது. நடுவில் இருந்த புஷ்ஷை, ஈரத்துணியைப் பிழிவது போல் இரண்டும் பிழிந்துவிட்டன.

"ஐயோ, நீங்கள் சொன்ன இடம் இதுவல்லவே!" என்று அது அலறியது.

"நாங்கள் அதே ஆட்கள்தான். உனக்குத்தான் அனுசரித்துப் போகத் தெரியவில்லை" என்றன இரண்டும்.

ஓடும்போது வலி இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். கார் வேப்பமர நிழலில் சும்மா நிற்கும்போதும் புஷ் முறுக்கிக்கொண்டேதான் நின்றது. அதன் மேல்தான் பள்ளம், அதன் மேல்தான் முட்டைப் பாரம். மழைக்காலம் முடிவதற்குள் அது கிழிந்தது.

மறுபடியும் 'கடக்'. மறுபடியும் விரிசல் முட்டை. இந்த முறை கோகிலவாணி கணவனைக் கேட்கவில்லை. பழைய இரும்பு வியாபாரிக்குப் போன் போட்டு வெள்ளிக்கிழமை வரச் சொல்லிவிட்டாள். பொன்னுரங்கம் மனசு கேட்காமல், கடைசியாக ஒருமுறை என்று, போகிற வழியில் பட்டறைக்குக் காரைத் திருப்பினார். பின்சீட்டில் முட்டை இருந்தது. பக்கத்தில் கோகிலவாணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முட்டையை இறக்கி வைத்துவிட்டுக் காரைத் தூக்கினார்கள். சிக்கந்தர் கிழிந்த புஷ்ஷைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரே பக்கமாக, சாய்வாகக் கிழிந்திருந்தது. அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"அக்கா, தப்பு எம்மேலதானுங்க. அன்னைக்குத் தொங்கவிட்டே முறுக்கிட்டேன். தரைல எறக்கி, பாரத்தோட நிக்கறப்பதான் முறுக்கோணும். அண்ணன் அவசரப்படுத்துனாங்க, நானும் ஆடிட்டேன்."

"அவரு அவசரப்படாத நாளு எது தம்பி?" என்றாள் கோகிலவாணி.

அடுத்த புஷ் வந்து உட்கார்ந்தது. கார் ஆகாயத்தில் நின்றதால் சட்டமும் கையும் மறுபடியும் குழையத் தொடங்கின.

"நான் ரொம்ப லேசு" என்றது சட்டம்.

"நான் அசையவே மாட்டேன்" என்றது கை.

"அப்படியானால் எனக்கு முன்னால் இருந்தவன் ஏன் கிழிந்தான்?" என்று புஷ் கேட்டது.

"அவன் சுபாவம் சரியில்லை."

"அதற்கும் முன்னால் இருந்தவன்?"

"அவனுக்கும்தான்."

புஷ் எண்ணெய்த் தட்டில் கிடந்த கிழிந்தவனை ஒருமுறை எட்டிப் பார்த்தது. போல்ட் அவசரமாக, "முறுக்கட்டுமா?" என்றது.

"வேண்டாம். இவர்கள் இன்னும் தரையில் நிற்கவில்லை."

சட்டத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்கள் மேல் நம்பிக்கை இல்லையா?"

"இருக்கிறது. ஆனால் தொங்கும்போது எல்லாரும் நல்லவர்கள்தான்."

சிக்கந்தர் இந்தத் தடவை போல்ட்டைச் சும்மா கோத்து மட்டும் விட்டார். சக்கரத்தை மாட்டி, காரை இறக்கி, அடியில் நின்று வேலை பார்க்கப் பட்டறைத் தரையில் வெட்டியிருந்த குழிக்கு மேலே தள்ளி நிறுத்தினார். முட்டை அட்டைகளைப் பழையபடி பின்சீட்டில் அடுக்கச் சொன்னார்.

"அண்ணா, அக்கா, ரெண்டு பேரும் ஏறி உக்காருங்க. எப்பவும் எப்படி உக்காருவீங்களோ அப்படியே" என்று சொல்லிவிட்டு ஸ்பேனரோடு குழிக்குள் இறங்கினார்.

எப்போதும் போலவே உட்கார்ந்தார்கள்.

"வெள்ளிக்கெழம வர்றவருக்கு என்னங்க சொல்றது?"

"நீதான கூப்புட்ட, நீயே சொல்லு."

"நானா கூப்புட்டேன்? இந்தக் கடக் கடக்குதான் கூப்புட்டுது."

"அட, ஆட்டாம உக்காரு. பொறத்தால முட்டை இருக்குது."

கீழே சட்டம் அமிழ்ந்து உட்கார்ந்தது. அதன் சிரிப்பு போயிற்று. கை நெஞ்சு விரிய மேலே எழும்பி, முகம் இறுகி நின்றது. ஆகாயத்தில் சொன்ன ஒரு சொல்லும் இரண்டின் முகத்திலும் இல்லை. புஷ் அங்கே ஒரு முறை, இங்கே ஒரு முறை பார்த்தது.

"இதுதானா நீங்கள்?"

மேலே கோகிலவாணி நகர்ந்து உட்கார, சட்டம் இன்னும் கொஞ்சம் அமிழ்ந்தது.

"சரி" என்றது புஷ். பிறகு போல்ட்டிடம், "இப்போது முறுக்கு" என்றது.

வெள்ளிக்கிழமை பழைய இரும்பு வியாபாரி வந்தார். "வண்டி ஓடுதுங்க. வேணும்னா முட்டை வாங்கிட்டுப் போங்க" என்று கோகிலவாணி சொல்லி அனுப்பினாள். பின்சீட்டில் ஒரு முட்டையிலும் விரிசல் இல்லை. அவள் ஒவ்வொரு அட்டையாகத் தடவிப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள்.

மழை வந்து போயிற்று, வெயிலும் வந்து போயிற்று. ஒருநாள் ராசிபுரம் போகும் வழியில் சட்டம் கையைப் பார்த்துச் சொன்னது:

"கவனித்தாயா? நடுவில் இருந்த அந்தச் சண்டைக்காரர்கள் இருவரும் தொலைந்த பிறகு நமக்குள் ஒரு சத்தம் உண்டா?"

"எப்படி வரும்? நம் இருவர் குணம் அப்படி."

நடுவில் இருந்த புஷ்ஷுக்கு இரண்டு பேச்சும் கேட்டது. பதில் சொல்ல நேரமில்லை. எதிரே வேகத்தடை வந்துகொண்டிருந்தது.