பட்டப்பகலில் பார்த்த அருந்ததி

மலைமேலிருந்த வானாராய்ச்சி நிலையத்தில் பெண்களைச் சேர்க்காத காலம் அது. வடிவாம்பாளுக்கோ அந்த வேலைமேல்தான் உயிர். டைரக்டர் சாம்பசிவய்யர் வீட்டுக்கே போய்க் கேட்டாள்.

“நட்சத்திரம் பார்க்கறது ஆம்பளை காரியம்மா. பொம்மனாட்டி கண்ணுக்கு அதெல்லாம் பிடிபடாது, போ” என்றார் அவர்.

அதற்குள் அவர் மனைவி காப்பியோடு வந்தாள். வடிவு மெல்லக் கேட்டாள்: “சார், கல்யாணத்தன்னிக்கு மாமிக்கு அருந்ததி காட்டினீங்களா?”

“காட்டாம என்ன? நல்ல வெயில்ல, பந்தலுக்கு வெளியே அழைச்சுண்டு போய்க் காட்டினேனே!”

“மாமிக்குத் தெரிஞ்சுதா?”

“தெரியறதுன்னு தலையாட்டினாளே!”

“பட்டப்பகல்லயே நட்சத்திரத்தைப் பார்த்த கண்ணு, ராத்திரி டெலஸ்கோப்புல பார்க்காதா சார்?”

அய்யர் காப்பி டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டார். மாமி விடவில்லை. “சொல்லுங்கோ, நான் அன்னிக்குப் பார்த்தது நிஜமா, நீங்க காட்டினது பொய்யா?”

“திங்கட்கிழமை வந்து சேரு” என்றார் அய்யர்.

பிற்பாடு எத்தனையோ வால்நட்சத்திரங்களைக் கண்டுசொன்னாள் வடிவு. தலை நரைத்த பிறகும் அவள் சொல்லிச் சொல்லிச் சிரித்தது, அன்று மாமி வாசல்வரை வந்து காதோடு சொன்னதைத்தான்:

“எனக்கு அன்னிக்குக் கண் கூசினதுதான்டி மிச்சம். நீயாவது நன்னாப் பாரு.”