பற்றவைத்த பூட்டு

பிக்குணி ஜிங்கோங் மடாலயத்து முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மழை அப்போதுதான் விட்டிருந்தது. மலைப்படிகளில் விழுந்தடித்து ஏறி வந்த லூ ஹெங், வணங்கக்கூட மறந்து அவர் முன்னால் ஈரத்தரையில் உட்கார்ந்தான்.

கீழே ஆற்றங்கரை ஊரில் வெள்ளிப் பட்டறை வைத்திருப்பவன் லூ ஹெங். வயதில் ஜிங்கோங்கைவிட மூத்தவன். மூன்று பிள்ளைகளை அடுத்தடுத்துப் பறிகொடுத்த பிறகு அவரிடம் சீடனாக வந்து சேர்ந்தான். வந்த நாளிலிருந்து அவன் கேட்பது ஒரே கேள்விதான்: "தாயே, பயம் போக என்ன செய்யணும்?" அவர் அதற்குப் பதில் சொன்னதே இல்லை.

இன்று அவன் கேட்டது வேறு.

"தாயே, பூட்டை வெட்டலாமா?"

"எந்தப் பூட்டு?"

"என் மக லியன் கழுத்துல கிடக்குதே, அது."

சீன தேசத்தின் அந்தப் பக்கத்தில் பிள்ளை பிறந்தால் கழுத்தில் ஒரு வெள்ளி வளையமும் அதில் கோத்த பூட்டும் போடுவார்கள். உயிரை உடம்போடு சேர்த்துப் பூட்டிவைக்கிற பூட்டு. அதற்குச் சாவி கிடையாது. தகப்பன் நூறு வீட்டு வாசலில் நின்று, வீட்டுக்கு ஒரு துளி வெள்ளி வாங்கி உருக்கிச் செய்தால், அந்த நூறு வீட்டு ஆயுசும் பிள்ளைக்குச் சேரும். பன்னிரண்டு வயது நிறைந்த பிறகுதான் கழற்றுவார்கள்.

நான்காவதாக லியன் பிறந்தபோது லூ ஹெங்கும் நூறு வாசலில் நின்றான். தன் கையாலேயே பூட்டைச் செய்தான். ஆனால் ஒன்று. வளையத்தின் இரண்டு முனையிலும் கொக்கி வைத்துப் பூட்டில் மாட்டுவதுதான் வழக்கம். கொக்கி என்றைக்காவது நழுவினால்? அவன் கொக்கி வைக்கவில்லை. இரண்டு முனையையும் பூட்டோடு பற்றவைத்துவிட்டான். எந்தப் பட்டறைக்காரனும் செய்யாத வேலை.

லியனுக்கு இப்போது ஆறு வயது. வளையத்தைப் பெரிதாக்கவேண்டிய காலம் எப்போதோ கடந்துவிட்டது. ஒவ்வொரு புத்தாண்டுக்கும் வெள்ளி வெட்டும் கத்திரியைக் கையில் எடுப்பான். திறந்து மறுபடி மூடுகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் எமன் வந்து நின்றுவிட்டால்? அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று கத்திரியை வைத்துவிடுவான்.

இந்த மழைக்காலத்தில் ஊருக்குள் தொண்டை நோய் நுழைந்தது.

"கழுத்து வீங்கிருச்சு தாயே. வளையம் சதைக்குள்ள பதிஞ்சு கிடக்கு. மூச்சு விடறப்ப ஊதல் ஊதற மாதிரி சத்தம் வருது."

"அப்ப வெட்டவேண்டியதுதானே?"

"வெட்டினா உயிர் போயிருமே!"

"வெட்டலேன்னா?"



ஜிங்கோங் மடியிலிருந்த கீரைத்தண்டுகளைத் தட்டிவிட்டு எழுந்தார். செருப்பை மாட்டினார்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும் தாயே, நான் ஓடிப்போய்..."

"நடங்க."

ஊருக்குள் நுழையும் கல்பாலத்தின் மேல் ஒரு வியாபாரி துணி விரித்து உட்கார்ந்திருந்தான். துணி நிறைய ஜேட் என்கிற பச்சைக்கல்லில் கடைந்த சில்வண்டுகள். செத்தவர் நாக்கின்மேல் வைத்து அனுப்புகிற நகை அது. மண்ணுக்குள் கிடந்துவிட்டு ஒருநாள் சிறகோடு வெளியே வருகிற பூச்சி என்பதால், போகிறவரும் அப்படித் திரும்பி வருவார் என்று அர்த்தம். நோய் எந்த ஊருக்குப் போகிறதோ, அந்த ஊருக்கு இந்த வியாபாரியும் போய்விடுவான்.

"வாங்க பட்டறைக்காரரே!" என்று கூப்பிட்டான். "நாமெல்லாம் ஒரே தொழில். நீங்க வர்றவங்களுக்குப் பண்றீங்க, நான் போறவங்களுக்கு." பிறகு குரலைத் தாழ்த்தினான். "சின்ன அளவு கொஞ்சந்தான் மிச்சம் இருக்கு. ஒண்ணு எடுத்து வைக்கட்டுமா?"

லூ ஹெங் பார்க்கக் கூடாது என்று நினைத்தபடியே பார்த்தான். பச்சை வெளுத்த சின்னச் சில்வண்டு. ஒரு குழந்தையின் நாக்குக்குச் சரியாக இருக்கும்.

பாலம் தாண்டியதும் கேட்டான். "தாயே, இவன் ஏன் என்னைப் பாத்துக் கேட்டான்? சகுனம் சரியில்லையே..."

"எல்லாரையும்தான் கேக்கறான்," என்றார் ஜிங்கோங், நடையை நிறுத்தாமல். "என்னையும் கேட்டான். பெரிய அளவு நிறைய இருக்காம்."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

தெருவில் இரண்டு வாசலில் சாவு வீட்டு வெள்ளைத் துணி தொங்கியது. நேற்று அது ஒரு வாசலில்தான் இருந்தது. பிள்ளைகள் சத்தமே இல்லை. ஒவ்வொரு கதவாகத் தாண்டும்போதும் லூ ஹெங்கின் பார்வை முன்னே ஓடித் தன் வீட்டு வாசலைத் தேடியது. அங்கே துணி இல்லை. ஓட்டமாக ஓடினான்.

அறைவாசலை அடைத்துக்கொண்டு அவன் மனைவி ஸூயின் உட்கார்ந்திருந்தாள். உதட்டில் விரல் வைத்தாள்.

"மணி கேக்குதா?"

பூட்டின் அடியில் சின்னச் சின்ன வெள்ளிமணிகள் தொங்கும். பேய் பிசாசு கிட்டே வராமல் விரட்டுவதற்காக வைப்பது. லியன் மூச்சு இழுக்கும்போதெல்லாம் அவை லேசாகக் கிணுகிணுத்தன.

"அது கேக்கறவரைக்கும் அவ இருக்கா," என்றாள் ஸூயின். காலையிலிருந்து அவள் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகுதான் கணவனுக்குப் பின்னால் நின்ற பிக்குணியைக் கவனித்தாள். முகம் மாறியது.

"சாமியாரம்மாவையே கூட்டியாந்துட்டாரா! ஏம்மா, நீங்க ஒண்ணைப் பெத்திருக்கீங்களா? ஒண்ணையாவது புதைச்சிருக்கீங்களா?"

"இல்லை."

"பூட்டைத் திறந்தா என்ன ஆகும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? என்ன சொல்ல வந்தீங்க?"

"ஒண்ணும் சொல்ல வரல. உள்ள வரலாமா?"

சண்டைக்குத் தயாராக இருந்த ஸூயின் நகர்ந்து வழிவிட்டாள்.

லியனின் கண் பாதி திறந்திருந்தது. உதடு நீலம் பாய்ந்துகிடந்தது. ஜிங்கோங் பாயோரம் உட்கார்ந்து பூட்டைப் பார்த்தார். தொடவில்லை.

"நல்ல வேலைப்பாடு. இது என்ன?"

இந்த நேரத்தில் இது ஒரு கேள்வியா? ஆனாலும் லூ ஹெங்கின் வாய் பழக்கத்தில் சொன்னது. "பீச் பழம் தாயே. தீர்க்காயுசுக்கு. ரெண்டு பக்கமும் வௌவால். அது வந்தா யோகம் வரும்பாங்க. மேல மேகம்."

"இந்த வளையம்?"

"அது..." அவன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். "அது நாங்கதான். நாங்க ரெண்டு பேரும் அவளைப் பிடிச்சிருக்கற கை."

ஜிங்கோங் ஸூயினைப் பார்த்தார். "அந்தக் கைக்கும் பிள்ளை கழுத்துக்கும் நடுவுல உங்க விரலை விடுங்கம்மா."

ஸூயின் மண்டியிட்டாள். ஆள்காட்டி விரலை நுழைத்துப் பார்த்தாள். சுண்டுவிரலை வைத்தாள். நகம்கூடப் போகவில்லை.

"பால் குடிக்கற வயசுல என் முழுக் கையும் போகும்," என்றாள் யாரிடமோ சொல்வதுபோல. "வழியற பாலை உள்ளே கைவிட்டுத்தான் துடைப்பேன்."

அப்போது மணி நின்றது.

மூன்று பேரும் அசையவில்லை. கூரையிலிருந்து மழைநீர் சொட்டுவது கேட்டது. மறுபடி சொட்டியது. பிறகு குழந்தையின் நெஞ்சு ஒரு தூக்குத் தூக்கியது. மணி கிணுகிணுத்தது.

ஸூயின் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"வெட்டுங்க. நான் பாக்க மாட்டேன்."

லூ ஹெங் பட்டறைக்குப் போய்க் கத்திரியை எடுத்து வந்தான். பற்றவைத்த இடம் தொண்டைக்குழிக்குச் சற்றுக் கீழே இருந்தது. அங்கே மட்டும் கத்திரியின் நுனி நுழைய இடமிருந்தது. குனிந்தான். கை வெடவெடவென்று ஆடியது. கத்திரி வெள்ளியில் பட்டுப் பல் கிட்டுவதுபோலச் சத்தம் போட்டது.

"தாயே, நீங்க வெட்டுங்க."

"எனக்கு வெள்ளி வெட்டத் தெரியாது."

"நடுக்கம் கொஞ்சம் நிக்கட்டும்."

"அதுவரைக்கும் அவ காத்திருப்பாளா?"

"வெட்டினப்புறம் போயிட்டா?"

"போகலாம்."

லூ ஹெங் நிமிர்ந்து பார்த்தான். போகமாட்டாள் என்ற ஒரு வார்த்தைக்காகத்தான் அவன் மலையேறிப் போனான். அவர் முகத்தில் கடுமை இல்லை. ஆறுதலும் இல்லை.

"கை ஆடுது தாயே..."

"ஆடட்டும். ஆடற கையாலேயே வெட்டுங்க."

வெட்டினான்.

கத்திரி நுனி தோலையும் கொஞ்சம் கிழித்தது. ஒரு சொட்டு ரத்தம். இரண்டு கையாலும் வளையத்தைப் பிடித்து விரித்தான். பூட்டு நழுவித் தரையில் விழுந்து உருண்டது. மணிகள் ஒருமுறை சடசடத்து ஓய்ந்தன.

சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த ஸூயினுக்கு மணி ஓய்ந்தது மட்டுமே தெரிந்தது. அவள் வீறிட்ட சத்தம் தெருக்கோடி வரை போயிருக்கும்.

லூ ஹெங் கண்ணை இறுக மூடிக்கொண்டான். யாரோ வந்து வாசலில் நிற்பதுபோல இருந்தது. மூச்சை அடக்கிக் காத்திருந்தான்.

இருமல் கேட்டது. சளி கிழிய இன்னொரு இருமல். பிறகு நீளமாக, கரகரவென்று ஒரு மூச்சு. அதன் பின்னால் இன்னொன்று.

கண்ணைத் திறந்தான். மகள் கழுத்தைச் சுற்றி ஊதா நிறத்தில் தடம் இருந்தது. உதட்டில் நீலம் மெல்ல வெளுத்துக்கொண்டிருந்தது. உடம்பு மட்டும் இன்னும் அனலாகக் கொதித்தது.

ஸூயின் தவழ்ந்து பக்கத்தில் வந்தாள். தொடப் பயந்தாள். வெறும் கழுத்தைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், மறுபடி கழுத்தைப் பார்த்தாள்.

லூ ஹெங் தரையில் கிடந்த பூட்டை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டான். அவன் கண்ணும் வாசலை விட்டு நகரவில்லை.

"காய்ச்சல் இறங்கலையே தாயே. நோய் தெருவுலதான் நிக்குது. இன்னொரு வளையம் அடிக்கணும்னா ராத்திரி ஆயிடும். அதுவரைக்கும்..." பூட்டை உயர்த்திக் காட்டினான். "பூட்டு இல்லாம இவளை எது பிடிச்சு வைக்கும்?"

ஜிங்கோங் குழந்தையின் வாயருகே காதை வைத்துக் குனிந்திருந்தார். நிமிர்ந்தார்.

"தண்ணி கேக்கறா. கொண்டுவந்து குடுங்க."