செருகினால் திறக்காது

அன்று அச்சகத்தில் இருந்தவர்கள்: முதலாளி இருதயமேரி, மேலாளர் தணிகாசலம், தாள் வெட்டும் சந்தானம், கம்ப்யூட்டரில் வடிவமைக்கும் மும்தாஜ்.

காலையில் பார்த்தால், கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்து கல்யாணப் பத்திரிகைகளை எல்லாம் அழித்திருந்தது. தணிகாசலம் மும்தாஜ் மேல் பாய்ந்தார்.

“கண்ட பென் டிரைவையும் செருகினது நீதான்! நான் இந்தக் கம்ப்யூட்டர்ல ஒரு தடவைகூடச் செருகினதில்லை. நீ இல்லேன்னா, யாருன்னு சாயங்காலத்துக்குள்ள காட்டு. முடியலேன்னா வேலையை விட்டுப் போ!”

“காட்டுறேன் சார்,” என்றாள் மும்தாஜ். வைரஸைத் துடைத்தாள். எந்த பென் டிரைவைச் செருகினாலும் கம்ப்யூட்டர் அதைத் தானாகத் திறக்காதபடி மாற்றிவைத்தாள். யாரிடமும் சொல்லாமல் சாப்பிடப் போனாள்.

திரும்பி வந்தபோது தணிகாசலம் மேசையைக் குத்திக்கொண்டிருந்தார்.

“என்னத்தைக் கெடுத்து வெச்சிருக்கே? நேத்து வரைக்கும் செருகின உடனே என் பென் டிரைவ் திறந்துச்சே!”

“எதுல சார் திறந்துச்சு?”

“இதோ, இந்தக் கம்ப்யூட்டர்லதான்!”

சந்தானம் வெட்டுவதை நிறுத்தினார். இருதயமேரி எழுந்து வந்து, “அதைக் குடுங்க,” என்று கை நீட்டினார். சோதித்தால், அதே வைரஸ்.

“பென் டிரைவ் தானாத் திறக்காம நிறுத்திட்டேன் சார்,” என்றாள் மும்தாஜ். “உங்க வாய்தான் தானாத் திறந்துடுச்சு.”

சாயங்காலம் வழக்கம்போல நான்கு டீ வந்தது. ஒன்று மிச்சம்.