தீப்பெட்டியில் மூன்று துடிப்பு

கொட்டாங்குளம் டாக்டர் சபாபதியின் ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுக்க மூன்று பேர் இருந்தார்கள். மாசிலாமணி, பெத்தபெருமாள், இருதயமேரி. மூவருக்கும் சேர்த்து மூளை ஒன்று. அதுவும் பாதி நாள் லீவில் இருக்கும்.

கல்யாணம் ஒன்றுக்குக் கிளம்பிய டாக்டர், தலையில் அடித்துக்கொண்டு பாடம் நடத்தினார்.

"ஒரு சீட்டை ஈசிஜி கோட்டு மேல வச்சு, அதோட ஓரத்துல, கோடு எகிறுற அடுத்தடுத்த ரெண்டு முனைக்கு நேரா குறி போடுங்க. அப்படியே நகர்த்திப் பாருங்க. இடைவெளியெல்லாம் ஒண்ணுபோல இருந்தா இதயம் சீரா துடிக்குது. சிலருக்கு ஒரு துடிப்பு முந்திக்கிட்டு வரும், சிலருக்கு வராமலே போகும். நான் வர்ற வரைக்கும் கோணல்மாணலான கோடு ஒண்ணுகூட இந்த வாசலைத் தாண்டக் கூடாது. தாண்டினா மூணு பேரும் வீட்டுக்குப் போயிடலாம்."

மாசிலாமணிதான் அந்த அறைக்குத் தலைவர். இது அவருக்கு நாலாவது வேலை. இதுவும் போனால் மனைவி முகத்தில் விழிக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். உலகத்தில் அவருக்குத் தெரிந்த விஷயமே அது ஒன்றுதான்.

முதலில் வந்த அம்மாளின் கோட்டில் மூன்று துடிப்புகள் முந்திக்கொண்டு நின்றன. மாசிலாமணிக்கு வியர்த்துவிட்டது. இந்தக் கோடு எப்படி வாசலைத் தாண்டும்? மேரி கத்தரிக்கோலை நீட்டினாள். மூன்றையும் வெட்டியெடுத்து, மிச்சத்தைக் கோந்து தடவி ஒட்டி, சீட்டு வைத்துப் பார்த்தார்கள். இம்மி பிசகவில்லை. அம்மாள் குணமாகி வீட்டுக்குப் போனாள்.

"வெட்டினதைக் குப்பையில போடவா?" என்றாள் மேரி.

"அடுத்தவங்க உசுரும்மா அது" என்று பதறினான் பெத்தபெருமாள்.

தீப்பெட்டியில் பஞ்சு விரித்து மூன்றையும் படுக்க வைத்தார்கள்.

அடுத்தவர் சடையாண்டி. காலையிலிருந்து இரண்டு முறை மயங்கி விழுந்தவர். அவர் கோட்டில் மூன்று இடங்களில் துடிப்பே இல்லை.

மாசிலாமணி யோசித்தார். அதாவது, யோசனை என்று அவர் நம்பிக்கொண்டிருந்ததைச் செய்தார். "தீப்பெட்டியை எடு."

"பொம்பளை துடிப்பு ஆம்பளைக்குச் சேருமாண்ணே?"

"ரத்தம் சேருதுல்ல?"

எதற்கும் சடையாண்டியையே கேட்டார்கள். "சைவம்னா ஒட்டுங்க" என்றார் அவர்.

ஒட்டி முடிக்கும்போது டாக்டர் வந்துவிட்டார். கோந்து காயாத துண்டுகளைப் பிய்த்துப் பார்த்தார். அடியில் துடிப்பே இல்லாத வெறும் நேர்கோடு. அவர் முகம் வெளுத்தது.

"அட மூதேவிகளா, துடிப்பு விட்டுவிட்டுப் போகுது. உடனே மதுரைக்கு அனுப்புங்க. வண்டியில படுக்கவச்சு ஆக்ஸிஜன் குடுங்க. ஒரு நிமிசம் தாமதிச்சாலும் போச்சு" என்று கத்திவிட்டு, ஈசிஜி காகிதத்தை மாசிலாமணி கையில் திணித்து, மதுரை ஆஸ்பத்திரிக்கு போன் செய்ய உள்ளே ஓடினார்.

மாசிலாமணி வாழ்நாளில் அவ்வளவு வேகமாக வேலை செய்ததில்லை. டாக்டர் வெளியே வருவதற்குள் ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு தெருமுனை திரும்பிவிட்டது. உள்ளே ஸ்ட்ரெச்சரில், கழுத்துவரை போர்வை போர்த்திய ஈசிஜி காகிதம். அதன் தலைமாட்டில் ஆக்ஸிஜன். பக்கத்தில் விசிறிவிட மேரி.

வாசல் பெஞ்சில் சடையாண்டி கைகூப்பி உட்கார்ந்திருந்தார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"பொழச்சிருமா டாக்டர்? நானும் கூடப் போறேன்னு கெஞ்சினேன். நோயாளிகூட ஒருத்தர்தான் ஏறலாம்னு சொல்லிட்டாங்க."