ஆடு தின்ற பாடம்

"டீச்சர், ஒருத்தர்கூட எதுவும் போடலை" என்றார் திருமேனி.

ஆசிரியர்கள் தங்கள் பாடங்களை ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்ள அவர் ஓர் இணையதளம் உருவாக்கியிருந்தார். மாவட்டத்தில் நாலாயிரம் பேர் சேர்ந்தார்கள். மூன்று மாதம் ஆகியும் அதில் இருந்தது ஒரே பாடம். அதுவும் திருமேனி போட்டது.

வெள்ளிக்கிழமைக்குள் நூறு பாடம் சேராவிட்டால் தளத்தை மூடச் சொல்லிவிட்டது மாவட்டக் கல்வி அலுவலகம்.

திருமேனிக்கு வயது ஐம்பத்தாறு. குருவாக நினைத்து அவர் தேடி வந்த ஜெசிந்தா டீச்சருக்கு முப்பத்தெட்டு. ஐந்தாம் வகுப்பு எடுக்கிறவர். அவர் பாடம் நடத்தினால் சுவர்க்கடிகாரம் நின்று கேட்கும் என்பார்கள். அது மிகை. ஒரே ஒரு நாள்தான் நின்றது, அதுவும் மூன்று நிமிடம்.

டீச்சர் நோட்டு திருத்திக்கொண்டே கேட்டார். "உங்க பாடம் எப்படி சார்?"

"எழுபது பக்கம். படம், காணொளி, வினாத்தாள் எல்லாம் இருக்கு. ஒரு எழுத்துப்பிழை காட்டுங்க பார்ப்போம்!"

"பார்த்தவங்க என்ன சொன்னாங்க?"

"'அருமை சார்'னு இருநூறு பேர். கைகூப்பின படம் தொள்ளாயிரம்."

"அப்புறம்?"

"அப்புறம் சத்தமே இல்லை. நிறத்தை மாத்தவா? பொத்தானைப் பெரிசாக்கவா?"

டீச்சர் அடுத்த நோட்டை எடுத்தார்.

"உங்க வகுப்புல எந்தப் பாடமாவது சொதப்பியிருக்கா?"

திருமேனி வாசலைத் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை.

"ஒரு தடவை. ஆவியாதல் பாடம். ஈரக் கைக்குட்டையை வெயில்ல காயப்போட்டேன், தண்ணி எங்கே போகுதுன்னு பிள்ளைங்க பார்க்கட்டும்னு. ஆடு ஒண்ணு வந்து கைக்குட்டையைத் தின்னுடுச்சு."

"பிள்ளைங்க?"

"பரீட்சையில நாற்பது பேரும் ஒரே மாதிரி எழுதினாங்க. 'நீர் ஆவியாகும், மீதி ஆட்டுக்குள் போகும்.'"

டீச்சர் சிரிக்கவில்லை. திருமேனியின் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தார். பாடம் சேர்க்கும் பக்கத்தில் இருபத்திரண்டு கட்டங்கள் இருந்தன. திறன் குறியீடு, கற்றல் விளைவு எண், இன்னும் என்னென்னவோ.

"எல்லாம் கட்டாயம் டீச்சர். தரம் குறையக் கூடாதில்லையா?"

"ஒண்ணை விட்டுட்டு மிச்சத்தை எடுத்துடுங்க."

திருமேனி எடுத்தார். எஞ்சிய ஒரே கட்டத்தில் டீச்சர் ஆட்டுக் கதையை அப்படியே தட்டினார். கீழே, 'இதை எப்படி நடத்தியிருக்கணும்? இப்படிக்கு, திருமேனி.'

"ஐயோ! நான் நல்லாசிரியர்னு மாவட்டத்துல விருது வாங்கினவன்!"

டீச்சர் பொத்தானை அழுத்திவிட்டார்.

வியாழக்கிழமை திருமேனி ஓடி வந்தார்.

"இருநூத்திப் பதினாறு பாடம் டீச்சர்! தளம் பிழைச்சிடுச்சு! கைக்குட்டையை ஜன்னல் கண்ணாடிக்கு உள்பக்கம் ஒட்டச் சொல்றாங்க. ஆட்டை விரட்ட மட்டும் நாற்பது யோசனை. ஒருத்தர் எரிமலை செஞ்சு காட்டப் போய்த் தலைமையாசிரியர் வேட்டியெல்லாம் சிவப்பாம். அடுத்த வருஷம் அதை எப்படி மாத்தினார்னு படத்தோட போட்டிருக்கார்."

"நல்லது சார்."

"ஆனா..." குரல் இறங்கியது. "என் எழுபது பக்கம் அப்படியே கிடக்கு. ஒருத்தரும் தொடலை. அதுல என்ன டீச்சர் குறை?"

"என்னையா கேட்கறீங்க?"

மணி அடித்தது. டீச்சர் வகுப்புக்குப் போய்விட்டார்.

திருமேனி பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு தன் பாடத்தைத் திறந்து, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வரி சேர்த்தார்.

'முப்பத்தோராம் பக்கம் வந்தால் பிள்ளைகள் தூங்கிவிடுகிறார்கள். யாராவது கைகொடுங்கள்.'