பதினேழாம் படி

சீடனுக்கு வயது ஐம்பத்தாறு, குருவுக்கு முப்பத்திரண்டு. தலைகீழாக இருக்கிறதே என்றால், இருக்கட்டும். அந்த ஐஸ் கம்பெனியில் அது அப்படித்தான் நடந்தது.

சீடன் பெயர் கஸ்பார். தூத்துக்குடிக் கடலோரத்தில் மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் கொடுக்கும் கம்பெனி அது. அதன் மெஷின் ரூமில் இருபத்திரண்டு வருடம் நின்றவர். குருவின் பெயர் இசக்கிச்செல்வி. மூன்று வருடத்துக்கு முன்னால் மெஷின் ரூமுக்கு டேப் என்கிற தொடுதிரைப் பலகை வந்தபோது அதைப் பழக்கிக்கொடுக்க வந்தவர். எல்லோரும் டீச்சர் டீச்சர் என்று கூப்பிட்டு, கடைசியில் அதுவே பெயராகிவிட்டது.

முதல் நாளே கஸ்பார் வம்புக்குப் போனார். இந்தப் பலகையைத் தடவினால் தண்ணீர் உறைந்துவிடுமா என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"உறையாது அண்ணாச்சி," என்றார் டீச்சர். "ஆனா நீங்க என்ன செஞ்சீங்கங்கறதை நீங்க மறந்தாலும் இது மறக்காது."

கஸ்பாருக்கு அந்தப் பதில் பிடித்துப்போனது. அன்றிலிருந்து என்ன சந்தேகம் என்றாலும் நேராக டீச்சர் மேஜைக்குத்தான் போவார்.

டேப்பில் இருந்தவை பட்டியல்கள். எந்த வேலையை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதற்கு ஒரு பட்டியல். ஒரு படியைச் செய்து டிக் அடித்தால்தான் அடுத்த படி திறக்கும். கடைசிப் படியும் முடிந்தால்தான் மெஷினின் ஸ்டார்ட் பட்டனுக்குக் கரண்ட் போகும். மெஷினுக்கு, தொட்டிக்கு, லாரிக்கு, கக்கூஸ் கழுவுவதற்கு என்று மொத்தம் இருநூற்றுப் பதின்மூன்று பட்டியல்கள். வந்தவர் போனவர் எல்லோரும் ஆளுக்கொரு படியைச் சேர்த்துவிட்டுப் போனார்கள். எடுத்தவர் ஒருத்தர் கிடையாது. சேர்க்க ஒரு பொத்தான் போதும். எடுப்பதென்றால் எடுப்பவர் பெயரையும் காரணத்தையும் எழுத வேண்டும். வேலை மெனக்கெட்டு எவன் எழுதுவான்?

கஸ்பாருக்கு முழங்கால் போனது. ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம்தான் என்பதால் அவரை ஆபீஸில் உட்காரவைத்து, பட்டியல்களுக்குப் பொறுப்பாளர் ஆக்கினார்கள். தலைக்கு மேல் ஃபேன், உட்கார நாற்காலி. மனுஷனுக்கு நல்ல காலம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

உட்கார்ந்த வாரமே வந்தது வினை. வெள்ளிக்கிழமை இன்சூரன்ஸ் ஆடிட்டர் வருகிறார். அவருக்குக் கொடுக்க ஒரு படிவம். அதில் 'சரிபார்த்த பட்டியல்கள்' என்று ஒரு கட்டம். மேனேஜர் தனுஷ்கோடி அதில் 213 என்று போட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னார். படித்துப் பார்த்துவிட்டுப் போடுகிறேன் என்றார் கஸ்பார். மேனேஜருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படித்துப் பார்த்துவிட்டுப் போட்ட ஆளை அவர் அதுவரை கண்டதில்லை.

கஸ்பார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பட்டியலைத் திறந்தார். மெஷின் ரூம், காலைத் தொடக்கம். இருபத்தாறு படிகள். பதினேழாம் படியில் அப்படியே நின்றுவிட்டார்.

'நீல வால்வைத் திறந்து மூடிப் பார்க்கவும்.'

நீல வால்வு என்று ஒன்று கிடையாது. குழாயை மாற்றியபோது கழற்றிப் போட்டு நான்கு வருடம் ஆகிறது. ஸ்பானர் பிடித்துக் கழற்றியவரே கஸ்பார்தான். அப்போது நசுங்கிய கட்டைவிரலில் தழும்பு இன்னும் இருக்கிறது. அதே விரலால் மூன்று வருடம், தினம் காலையில், அந்தப் படிக்கு டிக் அடித்திருக்கிறார்.

எழுந்து நேராக மேனேஜரிடம் போனார்.

மேனேஜர் முதல் காரியமாகக் கதவைச் சாத்தினார். இப்போது அந்தப் படியை எடுத்தால் எடுத்த தேதி பதிவில் நிற்கும் என்றார். அதற்கு முன்னால் ஆயிரம் காலை எப்படி டிக் விழுந்தது என்று ஆடிட்டர் கேட்பார். ஆடிட் முடியட்டும், மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம். இல்லாத வால்வு யாரையாவது கடிக்கவா போகிறது? பேசாமல் கையெழுத்தைப் போடுங்கள். இல்லையென்றால் ஐஸ் உடைக்கிற மேடைக்கு ஒரு ஆள் தேவைப்படுகிறது என்பதையும் போகிற போக்கில் சொல்லிவைத்தார். அந்த மேடையில் நாள் முழுக்க நிற்க வேண்டும். கஸ்பார் முழங்காலைத் தடவிக்கொண்டே வெளியே வந்தார். பயமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது.

டீச்சர் மேஜைக்குப் போனார்.

"சத்தம் இல்லாம ஒரு படியை எடுக்க வழி இருக்கா டீச்சர்?"

"எந்தப் படி?"

"காலைத் தொடக்கத்துல பதினேழு. அந்த வால்வே இப்ப கிடையாது."

டீச்சர் தன் கம்ப்யூட்டரில் அந்தப் பட்டியலைத் திறந்தார். அடியில் பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. அதைப் படித்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது. கஸ்பார் கண்ணாடியைத் தன் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். அது என்னவென்று அவருக்குத் தெரியவில்லை.

"நாளைக் காலைல நீங்க மெஷினை எடுத்து ஓடவிடுங்க அண்ணாச்சி."

"எனக்குத்தான் இப்ப அங்க வேலை இல்லியே."

"லிஸ்ட்டைப் பார்த்து எடுங்க. செஞ்சதுக்கு மட்டும் டிக் அடிங்க."

"பதினேழு வந்தா?"

டீச்சர் கம்ப்யூட்டரை மூடிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். இது என்னடா பதில் என்று கஸ்பார் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் புதன்கிழமை. காலை ஆறு மணிக்கு மெஷின் ரூமில் சந்தனமாரி இருந்தார். காலை ஷிப்ட் ஆபரேட்டர், கஸ்பாருக்கு அடுத்தபடியாக அங்கே பழைய ஆள். ஒரு கையில் டீயைப் பிடித்துக்கொண்டு இரண்டே நிமிடத்தில் இருபத்தாறு படியையும் முடிக்கிறவர். கஸ்பார் கேட்டதும் டேப்பைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். டீச்சர் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

கஸ்பார் ஒவ்வொரு படியாகச் செய்தார். எண்ணெய் அளவைக் குனிந்து பார்த்தார். பெல்ட்டை அழுத்திப் பார்த்தார். காற்றை வெளியே தள்ளும் ஃபேனைப் போட்டு, அதன் முன்னால் கையை நீட்டிப் பார்த்தார். பதினாறு படிக்கு நாற்பது நிமிடம் ஆனது. முழங்கால் விண்விண் என்று தெறித்தது.

பதினேழு வந்தது. கட்டைவிரல் தானாக எழுந்து கட்டத்தின் மேல் போனது. கஸ்பார் கையைப் பிடுங்கிச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார்.

"போடுங்க அண்ணாச்சி," என்றார் சந்தனமாரி.

"எதை?"

"டிக்கைத்தான்."

"வால்வைக் காட்டு, போடுதேன்."

சந்தனமாரி சுவரைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், கஸ்பாரைப் பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்தார்.

கஸ்பார் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். ஏழு மணிக்கு வெளியே லாரிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. நேற்றைய ஐஸை வைத்துப் பாதி லாரிகளை அனுப்பினார்கள். மீதி டிரைவர்கள் கேட்டில் வந்து கத்தினார்கள். ஏழரைக்கு மேனேஜர் பாதி ஷேவ் செய்த முகத்தோடு ஓடிவந்தார்.

அவர் என்னென்ன சொன்னார் என்பதை எழுத வேண்டாம். கஸ்பாரின் வயது, புத்தி, குடும்பம் எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மூச்சு வாங்கினார். அந்த இடைவெளியில் டீச்சர் முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"பதினேழு கிடக்கட்டும் சார். பதினெட்டாம் படி என்ன?"

மேனேஜர் செல்போனைப் பார்த்தார். சந்தனமாரி முந்தின நாள்கூட அதற்கு டிக் அடித்தவர். அவர் கூரையைப் பார்த்தார். கஸ்பார் யோசித்துப் பார்த்தார். அவருக்கும் ஞாபகம் வரவில்லை. அவருடைய கட்டைவிரல் பதினேழில் தொடங்கினால் ஒரே ஓட்டமாகக் கடைசிவரை போய்விடும். ஆபீஸில் படித்தபோதும் பதினேழோடு நிறுத்திவிட்டு மேனேஜரிடம் ஓடியிருந்தார்.

டீச்சர் தன் போனிலிருந்து படித்தார். "கேஸ் மாஸ்க் பெட்டியைத் திறந்து நாலு மாஸ்க் உள்ளதா, தேதி கடக்காம இருக்கான்னு பார்க்கவும்."

எல்லோரும் சுவரில் இருந்த சிவப்புப் பெட்டியைப் பார்த்தார்கள். கஸ்பார் எழுந்து போய்த் திறந்தார்.

உள்ளே ஆறு டீ டம்ளர்கள் இருந்தன. ஒரு சீனி டப்பா. பின்னால் ஒரே ஒரு மாஸ்க். அதன் வாரைத் தொட்டதும் கையோடு வந்துவிட்டது.

முன்னால் இருந்த எவர்சில்வர் டம்ளர் கஸ்பாருடையது. யாரும் மாற்றி எடுத்துவிடக் கூடாது என்று ஆணியால் பெயர் கீறி வைத்திருந்தார். மெஷின் ரூமில் இருந்த காலம் முழுக்கத் தினம் இரண்டு தடவை அந்தப் பெட்டியைத் திறந்தவர் அவர். டம்ளரை எடுக்கத் திறந்தார், டம்ளரை வைக்கத் திறந்தார்.

ஆறு வருடத்துக்கு முன்னால் இதே ரூமில், தண்ணீரை உறையவைக்கும் அம்மோனியா வாயு கசிந்தது. கண்ணைத் திறக்க முடியாமல், தொண்டை வெந்து, கஸ்பார் தரையில் தவழ்ந்து வெளியே வந்தார். அவர் முகத்தில் இருந்தது இந்தப் பெட்டியில் இருந்த மாஸ்க். அதை மாட்டிவிட்டவர் சந்தனமாரி.

கஸ்பாருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சந்தனமாரியின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

மேனேஜர் இப்போது சத்தத்தைக் குறைத்துக்கொண்டார். சாயங்காலத்துக்குள் மாஸ்க் வாங்கிவிடலாம், இப்போதைக்கு டிக் அடித்து மெஷினை எடுங்கள் என்றார்.

"மாஸ்க் வரட்டும் சார்," என்றார் கஸ்பார்.

"டவுன்ல கடை பத்து மணிக்குத்தான் திறப்பான்."

"பத்து மணிக்கு வரட்டும்."

"அத்தனை படகும் காத்துக் கிடக்கு அண்ணாச்சி."

"கிடக்கட்டும்."

"உங்களுக்கு மேடைக்குப் போகணுமா?"

"போறேன் சார். மாஸ்க் வந்த பிறகு போறேன்."

சந்தனமாரி இன்னொரு ஸ்டூலைக் கொண்டுவந்து கஸ்பார் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. மேனேஜர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு டீச்சர் பக்கம் திரும்பினார்.

"மெஷினை நிறுத்தச் சொன்னது யாரும்மா? நீங்களா?"

"லிஸ்ட்தான் சார். செய்யாத வேலைக்கு டிக் அடிக்கக் கூடாதுன்னு முதல் பக்கத்துல இருக்கு. அந்த வரி நீங்க எழுதச் சொன்னது."

மேனேஜர் டிரைவரைக் கூப்பிட்டு டவுனுக்கு அனுப்பினார்.

பத்தே முக்காலுக்கு நான்கு புது மாஸ்க் வந்தது. கஸ்பார் டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். தன் டம்ளரைக் கடைசியாக எடுத்தார். மாஸ்க்குகளை உள்ளே வைத்து, தேதி பார்த்து, சந்தனமாரியையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்.

பிறகு டேப்பில் பதினேழாம் படியை அழுத்தி, நீக்கு என்பதைத் தொட்டார். காரணம் கேட்டது. 'பட்டியல் சீரமைப்பு' என்று போடுங்கள் போதும், என்று மேனேஜர் பின்னால் இருந்து சொன்னார். கெஞ்சுவது மாதிரியே சொன்னார், பாவம்.

கஸ்பார் ஒற்றை விரலால் எழுத்துக் கூட்டி அடித்தார். 'இந்த வால்வு கிடையாது. கழற்றியது நான். கழற்றிய பிறகும் மூன்று வருடம் டிக் அடித்ததும் நான். கஸ்பார்.'

சேமிக்கப் போனபோது டீச்சர் கையை நீட்டினார். டேப்பை வாங்கி அதற்குக் கீழே ஒரு வரி அடித்துத் திருப்பிக் கொடுத்தார். கஸ்பார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

'மெஷின் ரூமுக்குள் வந்து பார்க்காமல், பழைய நோட்டைப் பார்த்து இந்தப் படியை எழுதியது நான். இசக்கிச்செல்வி.'

முந்தின நாள் அவர் கண்ணுக்குத் தெரியாத பொடி எழுத்து யாருடைய பெயர் என்பது இப்போது தெரிந்தது. கஸ்பார் நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தலையைக் குனியவில்லை. கஸ்பார் சேமித்தார்.

மீதிப் படிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தபோது பதினொன்றரை. மெஷின் ஓட ஆரம்பித்தது. சந்தனமாரி டம்ளர்களைக் கையில் வைத்துக்கொண்டு, இதையெல்லாம் எங்கே வைப்பது என்று ரூமைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

கஸ்பார் நொண்டிக்கொண்டே டீச்சரோடு ஆபீஸுக்குத் திரும்பினார். மேஜை மேல் அந்தப் படிவம் கிடந்தது. மேனேஜர் ஏற்கெனவே பென்சிலால் 213 என்று லேசாக எழுதிவைத்திருந்தார். அதன் மேல் பேனாவை ஓட்டினால் போதும்.

"இன்னும் இருநூத்திப் பன்னெண்டு கிடக்கு டீச்சர். நாளைக் கழிச்சு ஆடிட்டர். இந்தக் கட்டத்துல நான் என்ன போட?"

டீச்சர் ரப்பரை எடுத்து அவர் பக்கம் தள்ளினார்.

"எத்தனை பார்த்திருக்கீங்க அண்ணாச்சி?"

"ஒண்ணு."

"ஒண்ணு போடுங்க."